கல் சாக்கில் போன ஓடுகள்

1

இந்தக் கதை திங்கட்கிழமை காலை செல்வமேரி அக்கா சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. "நான்தாங்க மேடம் கொட்டுனேன்" என்றாள். அவள் கொட்டவில்லை. கொட்டியவள் அவளுக்கு ஆறடி பின்னால் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அது நான்.

இதை முதல் பத்தியிலேயே போட்டுவிட்டேன். ஏனென்றால் இதற்கு முன் எழுதிப் பார்த்த மூன்று தொடக்கங்களிலும் இந்த விஷயம் நழுவி நழுவிக் கதையின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. அவற்றை மறைக்கவில்லை. இதோ:

(முதல் தொடக்கம்: பழனி மலைத்தொடரின் பசுமையான மடியில், மேகங்கள் தவழ்ந்து விளையாடும் — நிறுத்திவிட்டேன். இது ஜீப் ஸ்டாண்டில் கொடுக்கிற நோட்டீஸ்.)

(இரண்டாவது: இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் இந்தப் பாறைமேட்டில் ஒரு தாய் தன் மகனை — எனக்கு அந்தத் தாயைத் தெரியாது.)

(மூன்றாவது: ஒரு காட்டுப்பன்றி இருந்தது. நடந்த அத்தனைக்கும் அந்தப் பன்றிதான் — இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் அடித்தேன்.)

2

இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

குள்ளர்பாறை பெருமாள்மலைக்குக் கீழே இருக்கிறது. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும். பாதை முதலில் மேட்டுக்கு ஏறி, பிறகு வளைந்து வளைந்து பாறைக்கு இறங்கும். பாறையில் பதினான்கு கல்வீடுகள். நான்கு பக்கமும் பலகை பலகையாகக் கல், மேலே ஒரு மூடுகல். உள்ளே ஓர் ஆள் குனிந்து உட்காரலாம். குள்ளமான மனிதர்கள் குடியிருந்தார்கள் என்று ஊரில் சொல்வோம். அவை வீடுகள் அல்ல, இறந்தவர்களுக்காகக் கட்டிய கல்லறைகள் என்று பின்னால் ஒரு தகவல் பலகை வந்து சொன்னது. அந்தப் பலகையைப் பற்றி நான்காம் பகுதியில் எழுதியிருந்தேன். நான்காம் பகுதியைக் கிழித்துவிட்டேன்.

பாறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஊராட்சி எங்கள் மூன்று பேரை வைத்திருக்கிறது. செல்வமேரி அக்கா, பொன்னுத்தாய் அக்கா, நான். எங்களுக்கு முன்னால் ஓர் ஒப்பந்தக்காரர் பார்த்தார். அவருடைய ஆட்கள் குப்பையைப் பாறை விளிம்புவரை கூட்டிக்கொண்டு போய் ஓடைக்குள் தள்ளிவிடுவார்கள். ஓடை கீழே காப்பித் தோட்டங்களுக்குள் போகிறது. செல்வமேரி அக்கா பூண்டுக் காட்டு வேலையை விட்டு இங்கே வந்த முதல் மாதம் முழுவதும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிப் பாட்டில் பொறுக்கினாளாம். அப்போது நான் வேலைக்கு வரவில்லை. கயிற்றின் மறுநுனியைப் பிடித்தது பொன்னுத்தாய் அக்கா. "நானும் வெத்தலையும் பிடிச்சோம்" என்பாள்.

பிறகுதான் பை வந்தது. பழைய சேலைகளில் தைத்த பை. பாறைக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்போம். தின்றது, குடித்தது, கிழித்தது எல்லாம் அதற்குள் திரும்பி வர வேண்டும். பை வராமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று ஜீப்காரர்களிடம் அக்கா பேசி வைத்திருந்தாள்.

ஒருமுறை ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். "என்னம்மா இது, குப்பையத் திருப்பிக் கேக்குறீங்க?"

"குப்ப ஒங்களுது சார். பை எங்களுது. ரெண்டுல எதத் தொலைச்சீங்க?"

அவர் திரும்பிப் போய் எடுத்து வந்தார்.

வருகிற குப்பையை ஐந்து சாக்கில் பிரிப்போம். பாட்டில், கவர், தாள், கண்ணாடி, கல். மக்காதது, விலைக்குப் போகாதது, வேறு எந்தச் சாக்கிலும் சேராதது எதுவோ அது கல் சாக்கில் போகும். உடைந்த செங்கல், ஜல்லி, சிமெண்டுக் கட்டி. கல் சாக்கு நிறைந்தால் நடைபாதையில் மழைத் தண்ணீர் அரித்த பள்ளத்தில் கொட்டி மிதித்துவிடுவோம். பாதைக்காக வெளியிலிருந்து லாரி மண் வரக் கூடாது, இங்கிருந்தும் எதுவும் ஓடைக்குப் போகக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அது நல்ல சட்டம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

[இடையில் ஒரு குறிப்பு. இங்கே எல்லோரும் பிளாஸ்டிக்கைத்தான் திட்டுவார்கள். எங்களைக் கவிழ்த்தது சோளக்கட்டை. ரோட்டில் வேகவைத்த சோளம் வாங்கித் தின்றுகொண்டே வருபவர்கள், அது மக்குகிற பொருள்தானே என்று கட்டையைக் கல்வீட்டுக்குள் எறிந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பன்றி அந்த வாசனைக்கு வந்து தரையைக் கிளறிப் போட்டிருக்கும்.]

பன்றி கிளறிய தரையைச் சரி செய்வது என் வேலை. வெள்ளனே போய்க் கூட்டுவேன். மண்ணோடு ஓடுகள் மேலே வந்து கிடக்கும். உள்ளங்கை அளவில் சில, நகம் அளவில் பல. ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி சிவப்பு, தொட்டால் வழவழவென்று இருக்கும். உடைந்த பானை ஓட்டை யார் வாங்குவார்கள்? கல் சாக்கு.

எட்டு மாதம் இப்படிச் செய்தேன்.

3

திங்கட்கிழமை. தொல்லியல் அதிகாரி மகாதேவி மேடம் முதல்முறையாக வந்தார். கூடவே ஊராட்சி செயலர் கந்தவேல் அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மழை இல்லை. ஆனாலும் பிடித்திருந்தார்.

பாறைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே மேடம் நின்றுவிட்டார். குனிந்து பாதையிலிருந்து எதையோ எடுத்து, துப்பட்டாவில் துடைத்தார்.

"இது எப்படிப் பாதைக்கு வந்தது?"

"மழையில உருண்டு வந்துருக்கும் மேடம்" என்றார் கந்தவேல் அண்ணன்.

"பாறை கீழ இருக்கு. பாதை மேல இருக்கு. ஓடு மேல்நோக்கி உருளுமா?"

கந்தவேல் அண்ணன் குடையை மடக்கினார். எங்கள் பக்கம் திரும்பினார். "யாருத்தா இந்தப் பள்ளத்த நெரப்புனது?"

செல்வமேரி அக்கா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான்தாங்க மேடம் கொட்டுனேன். பான ஓடுதானன்னு நெனச்சுட்டேன். தெரியாமச் செஞ்சதுங்க."

"எத்தனை இடத்துல?"

"அங்கங்க கொட்டுனதுதாங்க."

"அங்கங்கன்னா எங்கம்மா? கொஞ்சம் காட்டுங்க."

அக்கா பாதையைப் பார்த்தாள். சாக்கைச் சுமந்து போனவளுக்குத்தானே இடம் தெரியும். "பாத பூராவும்தாங்க" என்றாள்.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எழுதுவதற்கு எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இடம் தெரிஞ்சா அந்த இடத்த மட்டும் தோண்டி எடுத்துரலாம். தெரியலன்னா பாதையவே மூடணும். கல்வீட்டுக்குள்ள கெடந்தா அது ஒருத்தரோட கல்லறை. இங்க கெடந்தா வெறும் ஓடு. வியாழக்கிழமை பத்து மணிக்கு ஊராட்சி ஆபீஸுக்கு வந்து எழுதிக் குடுங்க."

அவர் போன பிறகு கந்தவேல் அண்ணன் சொன்னார்: "எழுதிக் குடுத்துட்டு மூணு பேரும் வீட்ல இருங்க. பழைய ஒப்பந்தக்காரரு கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. நானும் மேல பதில் சொல்லணும்ல."

"பைய என்ன செய்றது?" என்று கேட்டாள் அக்கா. துவைத்த பைகள் வேலிக் கம்பியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"பை என்னத்தா பை. அவரு ஒரு குழியத் தோண்டிக் கொளுத்திட்டுப் போறாரு."

அக்கா போய்ப் பைகளைத் திருப்பிப் போட்டாள், மறுபக்கம் காய்வதற்கு.

ஏன் பொய் சொன்னாள்? இந்த இடத்தில் ஒரு கதாசிரியர் தியாகம் என்ற சொல்லை எழுதுவார். நானும் எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் அவளிடமே கேட்டபின் அடித்துவிட்டேன். அவள் சொன்னது இது:

"ஒனக்கு வாயி வராதுன்னு எனக்குத் தெரியும் மேகல. அந்தம்மா கேக்க கேக்க நீ முழிச்சுக்கிட்டு நின்னா, ஓட்ட எங்கயோ வித்துட்ட போலன்னு நெனைக்கும். அதுக்கு நானே சொல்லிட்டுப் போறது. சாம்பார ஊத்து."

5

(நான்கு இல்லை. சொன்னேனே.)

என் இடத்தில் வேறொருத்தியை வைத்து எழுதிப் பார்த்தேன். பெயர் பெர்லின். வயது பத்தொன்பது. மிஷன் பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். முடியை ஒற்றைப் பின்னலாக முன்னால் போட்டுக்கொள்பவள். திங்கட்கிழமை காட்சியில் அவளை நிறுத்தினேன். மேடம் கேட்டதும் பெர்லின் ஓர் அடி முன்னால் வந்து, "மேடம், கொட்டியது நான். முழுப் பொறுப்பும் என்னுடையது" என்றாள். கதை ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. பெர்லின் பின்னலைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தாள், அடுத்து என்ன என்பதுபோல.

நல்ல பெண். ஆனால் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. "எங்கே கொட்டினாய்?" என்று மேடம் கேட்டால் அவளும் பாதை பூராவும் என்றுதான் சொல்வாள். அவள் ஒரு நாளும் சாக்கைத் தூக்கியதில்லை. கல் சாக்கு தோளில் ஏறினால் கழுத்தெலும்புக்கு மேலே ஒரே இடத்தில் குத்தும், அது அவளுக்குத் தெரியாது.

சரி என்று அவளை மாற்றினேன். பேச்சுப் பரிசைப் பிடுங்கினேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று எழுதினேன். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நிற்க வைத்தேன். பின்னலை அவிழ்த்துக் கொண்டையாக்கினேன். கையில் நோட்டைக் கொடுத்தேன். இப்போது எல்லாம் சரியாக இருந்தது, பெயர் மட்டும்தான் பொருந்தவில்லை.

என் பெயர் மணிமேகலை. பெர்லினை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

6

கொட்டிய இடங்கள் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். மேடமும் கேட்பார்.

சாக்கைக் கொட்டப் போகும்போதுதான் நான் தனியாக இருப்பேன். மிதித்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டில் அரைப் பக்கம் எழுதிவிட்டுத்தான் வருவேன். தாமதமானால் அக்கா "கல்லக் கொட்டப் போனியா, கல்ல ஒடைக்கப் போனியா?" என்பாள். எங்கே உட்கார்ந்தேன், என்ன தெரிந்தது என்பதிலிருந்துதான் ஒவ்வொரு பக்கமும் தொடங்கும். "இரண்டாம் வளைவு, பட்டுப்போன ஆரஞ்சு மரம். காட்டுமாடு என்னைப் பார்த்தது, நான் காட்டுமாட்டைப் பார்த்தேன்." "வழுக்குப் பாறைக்கு மேல். பனி. எதுவும் தெரியவில்லை. பனியைப் பற்றி எழுதுகிறேன்." இப்படிப் பதினோரு பக்கங்கள்.

இன்று, புதன்கிழமை, மதியம் நோட்டையும் கிழிந்த சிவப்புப் பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு பாதைக்குப் போனேன். பையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் இருந்த செடியில் கட்டினேன். நான்காவது இடத்தில் பொன்னுத்தாய் அக்கா வந்துவிட்டாள்.

"என்ன புள்ள, செடிக்குச் செடி ரிப்பன் கட்டுற. மந்திரி வாராரா?"

"ஓடு கொட்டுன எடம்க்கா."

"எவ கொட்டுன எடம்?"

"நான்."

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்தாள். "அது தெரிஞ்ச கததான். எட்டு மாசமா கல் சாக்கச் சொமந்தது நீ. மேரி முதுகுலயா மண்ணு இருந்துச்சு? சரி, அவதான் நான்னு சொல்லிட்டால்ல. விட்டுர வேண்டியதுதான?"

"எடம் தெரிஞ்சா எடுத்துரலாம்னு மேடம் சொன்னாங்கள்ல."

"சொன்னாக. ஓட்ட எடுத்துட்டு ஒன்னையும் எடுத்துட்டாகன்னா? மேரிய மட்டும் அனுப்பிட்டு நம்ம ரெண்டு பேர வச்சுக்கிடவும் செய்யலாம். கந்தவேலு காதுல நான் போட்டு வச்சுருக்கேன். நீயும் போயி ஒளறுனா மூணு பேரு சோலியும் போச்சு. அப்புறம் அந்தக் குழி வெட்டுற ஆளுதான்."

(இந்த இடத்தில் எனக்கு நானே நான்கு வரி வசனம் எழுதிக் கொடுத்தேன். அதில் உண்மை என்ற சொல் இரண்டு முறை வந்தது. நான் அப்படிப் பேசவில்லை. பேசியது இவ்வளவுதான்:)

"எடுக்கட்டும்க்கா."

அதையும் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, செடியைப் பார்த்துச் சொன்னேன்.

பொன்னுத்தாய் அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். அவள் சொன்னதில் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். நாளைக்கு நான் வாயைத் திறந்தால் அதுவும் போகக்கூடும். அதைத் தெரிந்துகொண்டுதான் ஐந்தாவது துணியை எடுத்தேன்.

அவள் எழுந்து வந்தாள். "இப்புடிச் சுருக்குப் போட்டா காத்துக்கு அவுந்துரும். கொண்டா இங்க." பல்லால் கடித்து இறுக்கி முடிந்தாள். "இன்னும் எத்தன?"

"ஏழு."

"வெரசா வா. மழ வருது."

4

(திரும்ப எழுதியது. இது முன்பே வந்திருக்க வேண்டும். கிழிக்காமல் இருந்திருந்தால் வந்திருக்கும்.)

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கல்வீடுகளுக்குப் பக்கத்தில் தகவல் பலகையை நட்டார்கள். அதில் ஒரு பானையின் படம். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. ஈமப் பானை என்று எழுதியிருந்தது. எலும்பும் தானியமும் மணியும் வைத்துப் புதைப்பார்களாம். வயது இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேல்.

நான் அதை மூன்று முறை வாசித்தேன். அப்போது கல் சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, அந்த வாரத் திங்கட்கிழமை, அது நிறைந்துவிட்டது. ஜீப் ஸ்டாண்டில் ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. "மேகல, வெரசா கொட்டிட்டு வா, பிள்ளைக வருது, பை குடுக்கணும்" என்றாள் செல்வமேரி அக்கா. நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இது —"

"என்ன இது?"

"ஒண்ணுமில்லக்கா."

கொண்டுபோய் ஏழாம் வளைவில் கொட்டினேன். மிதித்தேன். உட்கார்ந்து எழுதினேன்: "இன்று தெரிந்தே கொட்டினேன். நாளை அக்காவிடம் சொல்லிவிடுவேன்."

எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. மறுநாள் அதைச் சொல்ல வேண்டும் என்ற அவசரம் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நோட்டில்தான் சொல்லியாயிற்றே.

நாளைக்குச் செல்வமேரி அக்கா எழுதிக் கொடுக்கப்போகும் தாளில் "தெரியாமல் கொட்டினேன்" என்று இருக்கும். பத்துப் பள்ளங்களுக்கு அது உண்மை. பதினொன்றாவதற்கு இல்லை. கல்லறையைக் கலைத்ததைவிட, அவள் அறியாத ஒரு பொய்யில் அவள் கையெழுத்து விழப்போவதுதான் என்னைச் சாப்பிட விடவில்லை.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) நான் எல்லாவற்றையும் சொல்கிறேன். மேடம் என் தோளில் கை வைக்கிறார். செல்வமேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். — அவள் கண்ணைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை. ஓடைக்குள் கண்ணாடி குத்தி ஆறு தையல் போட்டபோதுகூட, பாட்டில் எந்தக் கடையுடையது என்றுதான் விசாரித்தாளாம். அடித்தாயிற்று.

ஆ) வெள்ளனே போய், யாரும் வருவதற்கு முன் நோட்டை மேடத்தின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அவர் வாசிக்கிறார், புரிந்துகொள்கிறார், நான் எதுவும் பேச வேண்டியதில்லை. — இந்த முடிவு நன்றாக வந்திருந்தது. நான்கு பக்கம். மொழியும் அழகாக இருந்தது. வாசித்துப் பார்த்தபோது அதில் நான் மறுபடியும் ஆறடி பின்னால்தான் நின்றிருந்தேன். முன்னால் அக்காவுக்குப் பதிலாக ஒரு நோட்டு. அடிக்க மனம் வரவில்லை. அடித்தேன்.

இ) பெருமழை. பாதை சரிகிறது. ஓடுகள் எல்லாம் — வேண்டாம். மழை நான் சொன்னதைக் கேட்டா பெய்கிறது?

[நான்காவது ஒரு முடிவு உங்களுக்குத் தோன்றலாம்: மேடம் எங்களை வைத்துக்கொள்கிறார், ஓடு பொறுக்கக் கற்றுக்கொடுக்கிறார், ஆறாவதாக ஒரு சாக்கு வருகிறது. எனக்கும் தோன்றியது. ஆறாவது சாக்கில் என்ன எழுதி ஒட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன். நடந்தால் நல்லதுதான். ஆனால் அதைப் பேரம் பேசுவதுபோல மனதில் வைத்துக்கொண்டு நாளைக்குப் பேசத் தொடங்கக் கூடாது.]

8

இப்போது புதன்கிழமை மாலை நான்கு மணி. சாக்குகளின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினோரு இடத்திலும் துணி கட்டியாகிவிட்டது. நாளைக் காலை அந்த வழியாக வருகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கேட்பார்கள். ஒண்ணுமில்லக்கா என்று இனிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் கட்டினேன்.

செல்வமேரி அக்காவும் பார்த்துவிட்டாள். பாதையிலிருந்து இறங்கி வந்து, "ஏழாம் வளைவுல மட்டும் ரெண்டு துணி கட்டிருக்கு, என்ன?" என்றாள்.

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்றேன்க்கா."

"நீயா?"

"ஆமாக்கா."

"சத்தமாச் சொல்லு. அங்க ஃபேன் ஓடும்" என்றாள்.

ஆகவே இந்தக் கதையின் முடிவை நான் எழுதப் போவதில்லை. தெரியாததால் இல்லை. நான் சொல்லப்போகிற வார்த்தைகள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் மறுபடியும் மனம் லேசாகிவிடும். லேசாகிவிட்டால் நாளைக்கு அந்த ஃபேனுக்குக் கீழே நின்று, எழுதியாயிற்றே என்று வாயை மூடிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் இதற்கு எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். அதை முடிவு செய்வது நான் இல்லை. என் பங்குக்கு இருப்பது நான்கைந்து வாக்கியங்கள். அவற்றில் முதல் மூன்றையும் நான்காவதில் பாதியையும் மட்டும் இங்கே வைக்கிறேன். மீதிப் பாதி என் தொண்டையிலேயே இருக்கட்டும். பத்து மணிக்கு அங்கிருந்துதான் அது வெளியே வர வேண்டும்.

"மேடம், கொட்டுனது நான். மொத்தம் பதினோரு எடம். பத்து எடத்துல தெரியாமக் கொட்டுனேன். ஏழாம் வளைவுல